இடது பக்கத்து நாற்காலி

என் மகளுக்கு இடது காது கேட்காது. ஏழு வயதில் ஒரு காய்ச்சலில் போனது. பக்கத்தில் கொஞ்சம் சத்தம் இருந்தால், அந்தப் பக்கம் பேசுவது எதுவும் அவளுக்கு எட்டாது. மாப்பிள்ளைப் பையனிடம் பழகிய முதல் வாரமே சொல்லிவிட்டாள். அவன் அம்மாவிடம் மட்டும் கல்யாணம் முடியும்வரை மூச்சு விடக் கூடாது என்று நான்தான் தடுத்து வைத்திருந்தேன்.

நிச்சயத்துக்கு முன் இரண்டு குடும்பமும் நாலு நாள் சேர்ந்து இருக்கட்டும் என்று பையன் ஏற்பாடு செய்த சொகுசுப் படகு அது. ஏரி விட்டு ஏரி, நடுவே கால்வாய்கள். மேல்தளத்தில் சாய்வு நாற்காலிகள், அறைக்கு அறை பித்தளை விளக்கு. எனக்கு எதையும் பார்க்க நேரமில்லை. சம்பந்தியம்மா வருவதற்குள் ஓடிப்போய் மகளின் இடது பக்கத்தைப் பிடிக்க வேண்டும்.

"ஏம்மா இப்படி மியூசிக்கல் சேர் ஆடுற?" என்றாள் மகள்.

சாப்பாட்டு மேஜையில்தான் என் பாச்சா பலிக்கவில்லை. தட்டுக்குத் தட்டு பெயர் எழுதிய அட்டை. சம்பந்தியம்மாவுக்கு என் மகளின் இடது பக்கம். நான் அட்டையை மாற்றி வைப்பேன். பரிமாறுகிறவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடித் திருப்பி வைத்துவிடுவார்.

இரண்டாம் நாள் மதியம் சம்பந்தியம்மா பாதிச் சாப்பாட்டில் எழுந்து மேலே போய்விட்டார். அவர் பெயர் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். மேட்டுக் கால்வாய்க்கு ஏறுவதற்காகப் படகு இரண்டு பெரிய மதகுக் கதவுகளுக்கு நடுவே நின்றிருந்தது. இன்ஜினை நிறுத்தியிருந்தார்கள். கீழே தண்ணீர் ஏறி, படகை மெல்ல மேலே தூக்கிக்கொண்டிருந்தது.

"சம்பந்தி, மனசுல வச்சுக்காம சொல்லிடறேன். உங்க பொண்ணுக்கு என்னைப் பிடிக்கலை. மாடி ரூமுக்கு என்ன கலர் அடிக்கட்டும்னு நேத்துலேர்ந்து மூணு தடவை கேட்டுட்டேன். திரும்பிக்கூடப் பாக்கலை. பையன் ஆசைப்பட்டா மட்டும் போதுமா? இந்தப் பேச்சை இதோட விட்டுடலாம்."

எனக்குப் பின்னால் மகளின் குரல் கேட்டது.

"அத்தை, எனக்கு இடது காது கேக்காது. அவருக்குத் தெரியும். உங்ககிட்ட மறைச்சது தப்புதான்."

சம்பந்தியம்மா அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த பெயர் அட்டையைப் பார்த்தார்.

"இதுக்குத்தான் என் நாற்காலியைப் பிடுங்கிட்டே இருந்தீங்களா?"

தலையாட்டினேன்.

"அட, இவ்வளவுதானா! நான் என்ன தப்பு பண்ணிட்டேனோன்னு ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லடி!" அப்படியே சாய்வு நாற்காலியில் விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

கீழே அறையிலிருந்து அவர் வீட்டுக்காரரின் குறட்டை ஏறி வந்தது.

"கேக்குதா? என் பையன் இதுல அப்பாவுக்கே அண்ணன். வலது காதைத் தலையணையில வச்சுப் படுத்துக்கோ. முப்பது வருஷமா எனக்குக் கிடைக்காத வரம்டி இது!"

மகள் சிவந்துபோய் என்னைப் பார்த்தாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

கதவு திறந்து படகு நகர்ந்தது. சம்பந்தியம்மா தன் நாற்காலியை இழுத்து அவளுடைய வலது பக்கம் போட்டுக்கொண்டார்.

"இப்ப சொல்லு. என்ன கலர்?"

"வெளிர் பச்சை, அத்தை."

நான் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினேன். எதிரே அடுத்த ஏரி விரிந்தது. நன்றாகத்தான் இருந்தது.