கும்பகர்ணன் கை தூக்கிய நாள்

பங்குச்சந்தை முதலில் ஓர் எண்ணெய்க்கடை மாடியில்தான் நடந்தது. பங்கு வாங்கப் போனவர் சட்டையெல்லாம் எண்ணெய் வாடையோடு வீடு திரும்புவார். கையில் நாலு காசு சேர்ந்ததும் தரகர்கள் கடைவீதி முக்கில் சொந்தக் கட்டடம் எழுப்பினார்கள். அதற்குச் செங்கல் சுமக்க வந்தவர்தான் வெங்கலம். சாரத்தின் உச்சியில் நின்று கலவை கேட்டு அவர் போட்ட சத்தத்தில், கீழே பேசிக்கொண்டிருந்த சந்தைத் தலைவருக்குப் பேச்சு மறந்துபோனது.

"இந்தத் தொண்டையை வச்சுக்கிட்டு ஏன்யா கல்லு சுமக்கிற?" என்றார். கட்டடம் முடிந்ததும் உள்ளேயே விலை கூவும் வேலைக்கு வைத்துக்கொண்டார். வெங்கலம் என்ற பட்டப்பெயரும் அன்றைக்கு ஒட்டியதுதான்.

கூடத்தின் நடுவில் பித்தளைக் கம்பி வளைத்த ஒரு வட்டம். அதற்குள் நின்று தரகர்களின் ஆட்கள் விலை கூவுவார்கள். இரைச்சலில் பாதி காதில் விழாது, கைதான் பேசும். உள்ளங்கை தன் முகத்தைப் பார்த்தால் வாங்குகிறான். ஊரைப் பார்த்தால் விற்கிறான். விற்கிறவன், கூடுதல் விலை சொன்னவன் பக்கம் திரும்பி "முடிஞ்சுது" என்றால் அது முடிந்தது. காகிதம் எல்லாம் அப்புறம். சொன்ன சொல்லை மாற்றியவனை மறுநாள் அந்த வட்டத்துக்குள் யாரும் விட்டதில்லை.

வெங்கலத்துக்கு எதிரே நின்று கூவியவன் கீச்சான். அவர் மனைவியின் தம்பி. குரல் எண்ணெய் போடாத கதவு மாதிரி இருக்கும். வட்டத்துக்குள் இருவரும் கீரியும் பாம்பும், வெளியே வந்தால் ஒரு டீயை இரண்டாக ஊற்றிக் குடிப்பார்கள்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. தரகர்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே பெருநகரத்துச் சந்தையில் வாங்கி விற்றார்கள். கூடத்தில் ஈ காக்கை இல்லை. கீச்சானுக்கு லிப்ட் ஓட்டும் வேலை கொடுத்தார்கள். வெங்கலம் காவல்காரர் ஆனார். மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில் மனைவியோடு குடியிருக்கவும் விட்டார்கள். குனிந்துதான் நுழைய வேண்டும். ஆனாலும் வாடகையில்லாத வீடு.

அப்படியே காலம் ஓடியபோது மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. வியாபாரம் நடக்காத சந்தைக்கு இனி உரிமம் இல்லை, அதிகாரி நேரில் பார்க்க வருவார். உரிமம் போனால் கட்டடத்தை விற்பார்கள். படிக்குக் கீழே இருக்கும் அறையும் அதோடு போகும்.

தலைவர் தலையைச் சொறிந்து ஒரு வழி கண்டுபிடித்தார். "நம்ம நூல் மில் பங்கு எந்தக் கம்ப்யூட்டர்லயும் ஏறல. காகிதமா யார்கிட்டயாவது இருக்கா?"

எல்லோரும் வெங்கலத்தைப் பார்த்தார்கள்.

பத்திரம் அவருடையதில்லை. அவருடைய மாமனாருக்கு அந்த மில் எந்திரத்தில் வலது கை போனது. அதற்கு ஈடாக மில் கொடுத்த பங்கு அது. சாகும்போது மகளிடம் கொடுத்துவிட்டுப் போனார். பெரிய விலையெல்லாம் போகாது. வீட்டில் அதற்குப் பெயரே 'அப்பா கை' என்றுதான்.

"சும்மா ஒரு காட்சிக்குத்தான்" என்றார் வெங்கலம் மனைவியிடம். "நான் உன் தம்பிகிட்ட விப்பேன். அதே விலைக்கு அவன் எங்கிட்ட திருப்பி விப்பான். அதிகாரி பார்த்துட்டுப் போயிடுவாரு."

"நீங்களும் அவனும் சேர்ந்து செஞ்ச காரியம் எது உருப்பட்டுச்சு?"

"இந்த ரூம் போனா எங்க போறது, சொல்லு."

அவள் பெட்டியைத் திறந்தாள். பத்திரத்தைத் துணியில் சுற்றி நீட்டினாள். "போறது எப்படியோ அப்படியே வரணும். வரலைன்னா ரெண்டு பேரும் லிப்டுலயே படுத்துக்கோங்க."

அதிகாரி வந்தார். தரகர்கள் பழைய ஞாபகத்தில் கம்பியைச் சுற்றி நின்றார்கள். கூடத்து மூலையில் மின்விசிறிக்குக் கீழே கும்பகர்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். இருக்கும் தரகர்களில் மூத்தவர். வியாபாரம் நின்ற பிறகும் தினமும் வந்து அதே நாற்காலியில் குறட்டை விடுவார். தூங்குகிறவரை எழுப்பித் திட்டத்தைச் சொல்வானேன் என்று விட்டிருந்தார்கள்.

முதல் வியாபாரம் சப்பென்று நடந்தது. வெங்கலம் விற்றார், கீச்சான் வாங்கினான். அதிகாரி கொட்டாவி விட்டார். தலைவர் பின்னாலிருந்து, "கொஞ்சம் சத்தமா, கொஞ்சம் சத்தமா" என்று முணுமுணுத்தார்.

வெங்கலத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்து கீச்சான் உள்ளங்கையை ஊருக்குக் காட்டி விலை சொன்னதும், இவர் பழைய தொண்டையைத் திறந்து வாங்குவதாக ஒரு கூவல் போட்டார். கூரையிலிருந்து புறாக்கள் பறந்தன.

கும்பகர்ணன் விழித்துக்கொண்டார். வட்டம் தெரிந்தது, ஆட்கள் தெரிந்தார்கள், விலை காதில் விழுந்தது. இத்தனை வருஷம் நடந்ததெல்லாம் அவருக்குக் கனவாகிவிட்டது போலிருக்கிறது. எழுந்து நின்று உள்ளங்கையைத் தன் முகத்துக்கு நேரே தூக்கி, வெங்கலம் சொன்னதற்கு மேல் ஒரு விலை சொன்னார்.

கீச்சான் சடக்கென்று அவர் பக்கம் திரும்பினான். "முடிஞ்சுது."

சொன்ன வாய் மூடவில்லை. தன் அப்பன் கையைத் தானே விற்றுவிட்டான் என்பது சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"மச்சான்" என்றான், காற்றாக.

அதிகாரிக்குத் தூக்கம் கலைந்திருந்தது. எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு வெங்கலத்திடம் வந்தார். "உண்மையைச் சொல்லுங்க. இது எனக்காக ஆடின கூத்தா?"

கூத்து என்று சொன்னால் பத்திரம் கைக்கு வரும், சந்தையும் அறையும் போகும். நிஜம் என்றால் அறை தங்கும், அப்பா கை போகும். தலைவர் இருமினார். கண்ணால் கெஞ்சினார். வெங்கலம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கும்பகர்ணன் இன்னும் கையை இறக்கவில்லை, கிழவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"மொதல்ல நடந்தது கூத்து சார். ரெண்டாவது நெசம். முடிஞ்சுதுன்னு சொல்லியாச்சு. இனி அது அவரோடது."

தலைவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதிகாரி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கும்பகர்ணன் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு போனார்.

மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். திட்டவில்லை. அதுதான் வெங்கலத்துக்குப் பயமாக இருந்தது.

"ஒரு பொய் சொல்லியிருந்தாலாவது ஒண்ணு மிஞ்சியிருக்கும்" என்றாள். "ரெண்டையும் தொலைச்சுட்டு வந்து நிக்கிறீங்க."

மறுநாள் காலையில் கும்பகர்ணன் படிக்குக் கீழே குனிந்து பார்த்தார். கையில் பத்திரம் சுற்றிய அந்தத் துணி. யாரோ விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள்.

"தெரியாம கை தூக்கிட்டேம்மா. நான் குடுத்த பணமும் உங்ககிட்டயே இருக்கட்டும். இதை வச்சுக்கோ."

வெங்கலத்தின் கை தானாக நீண்டது. மனைவி அதைத் தட்டிவிட்டாள்.

"உங்க பணம் இந்தாங்க. பத்திரமும் சும்மா வேண்டாம். முடிஞ்சதுன்னா முடிஞ்சதுதானே? இவரு அதுக்காகத்தானே வீட்டையே வித்துட்டு வந்தாரு. விலை சொல்லுங்க, வாங்கிக்கிறேன்." சொல்லிவிட்டு உள்ளங்கையைத் தன் முகத்துக்கு நேரே தூக்கினாள். அந்தக் கூடத்துக்குள் அவள் பெருக்குவதற்குத் தவிர ஒருநாளும் போனதில்லை.

கிழவருக்குக் கண் பளிச்சென்றது. "குடுத்த பணம் வந்துடுச்சு. லாபத்துக்கு, கட்டடம் மூடுற வரைக்கும் சாயங்காலம் ஒரு டீ."

"தூங்கிக்கிட்டே வாங்கின சரக்குக்கு லாபம் வேறயா? டீ தரேன். சக்கரை கம்மியாத்தான் போடுவேன்."

கும்பகர்ணன் உள்ளங்கையை அவளுக்குக் காட்டினார். "முடிஞ்சுது."

உரிமம் போன கடிதம் மழைக்கு முன்பே வந்துவிட்டது. பித்தளைக் கம்பியை எடைக்குப் போட்டார்கள். கூடத்தில் இப்போது கட்டில், பீரோ விற்கிறார்கள். வெங்கலமும் மனைவியும் கீச்சான் வீட்டுப் பின்கட்டுக்குப் போனார்கள், பெட்டிக்குள் அப்பா கையும் போனது.

குடிபோன மறுநாள் சாயங்காலம் கும்பகர்ணன் அந்த வாசலில் வந்து நின்றார்.

"கட்டடம் மூடுற வரைக்கும்னுதானே பேச்சு?" என்றாள் அவள்.

"நடுவுல நான் தூங்கிப்போன நாளெல்லாம் பாக்கி இருக்கேம்மா" என்று சொல்லிக்கொண்டே அவர் உட்கார இடம் தேடினார்.