இரண்டு அம்பியர்

காங்கேசன்துறையில் பராசக்தி வீட்டு வெள்ளைக் கார், திறப்பு வீட்டுச் சுவர் ஆணியில் தொங்க, எஞ்சின் குளிர்ந்து கிடக்க, இரவுக்கு ஒரு பற்றரியைக் குடித்து முடித்தது. அவள் கணவன் அருட்செல்வன் வள்ளத்து விளக்குக்கென்று காரின் பற்றரியைக் கழற்றிக்கொண்டு கடலுக்குப் போய்த் திரும்பாத அன்றே தொடங்கிய தொல்லை அது. கரையோரமெல்லாம் அவனை விசாரிக்கப் போகவேண்டும் என்று புதியதொன்று வாங்கிப் பூட்டினாள். விடிய அது செத்துக் கிடந்தது. மாற்றிப் பூட்டியதும் அப்படியே. சனம் கண்ணூறு என்று தேசிக்காய் கட்டியது; தேசிக்காய் காய்ந்ததுதான் மிச்சம். கடற்படையும் தேடி ஓய்ந்தது. முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி செய்து தம்பியின் ஆத்மாவைக் கரையேற்றிவிடுவோம் என்று கணவனின் தமையன் முத்துக்குமாரு, கிரியை செய்யும் ஐயரிடமும் சொல்லிவிட்டார். உயிரோடிருப்பவனுக்கு எப்படிச் செத்தவீட்டுக் கடன் கழிப்பது என்று பராசக்தி நெஞ்சு வெந்து திரிந்தாள்.

இருபத்தெட்டாம் நாள் சுன்னாகத்திலிருந்து ஏரம்பு வந்தார். கார் வயர் வேலையில் நாற்பது வருடம். தன் கைக்குத் தப்பிய மின்கசிவு இல்லை என்று தானே சொல்லித் திரிபவர். பற்றரியின் கறுப்பு வயரைக் கழற்றி இடையில் மீற்றரைக் கொடுத்தார். முள் சுழியத்தில் கிடந்தது. கசிவே இல்லை என்று வெளிக்கிட்டவரைப் பராசக்தி தேத்தண்ணி கொடுத்து மறித்து வைத்தாள். பொழுதுபட்டது, முள் எழும்பி இரண்டு அம்பியரில் நின்றது. ஏரம்பு பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். எதைப் பிடுங்க முள் விழுகிறதோ, அந்த வழியில்தான் கள்ளன். கடைசிப் பியூஸும் கைக்கு வந்தது, முள் அசையவில்லை. ஆத்திரத்தில் மிச்ச வயரையெல்லாம் கழற்றிக் காரை மொட்டையடித்தார். அதற்கும் அசையவில்லை.

"உது கசிவில்லைத் தங்கச்சி. ஆரோ லைற் எரிக்கினம். இரண்டு அம்பியர் எண்டால் இருபத்துநாலு வாற்று."

"எங்கடை வள்ளத்து பல்ப்பும் இருபத்துநாலுதான், அண்ணை."

ஏரம்பு வயர்களைத் திரும்பப் பூட்டினார்.

மறுநாள் பராசக்தி, அந்த விளக்கு கரைக்குத் தெரிய எரியவேண்டும் என்று வீடு வீடாக ஏறிப் பற்றரி கேட்டாள். வள்ளம், ஓட்டோ, உழவு இயந்திரம், ஒன்றையும் விடவில்லை. முறைத்துக்கொண்டு நின்ற முத்துக்குமாருவே கடைசியில் தன் வான் பற்றரியைத் தோளில் தூக்கி வந்தார். சேர்ந்த நாற்பத்தொரு பற்றரியையும் ஏரம்பு காரோடு சேர்த்தார். பல்ப் தனக்கு வேண்டியதற்கு மேல் இழுக்காது என்பது நியதி. அன்று பொழுதுபட இழுத்தது. முள் ஐம்பதைத் தாண்டி மீற்றரின் விளிம்பில் முட்டியது. அதே நேரம் வடக்கே, மறைந்த சூரியன் வழிமாறி வந்ததுபோல, கடலில் ஒரு வெளிச்சம் எழுந்தது. ஏழு வள்ளங்கள் அதை நோக்கி ஓடின.

முப்பதாம் நாள் விடிய, தாடியும் உப்புப் பூத்த தோலுமாக அருட்செல்வன் கரையிறங்கினான். எஞ்சின் பழுதாகி நீரோட்டம் இழுத்துப் போனதாம். மழைத்தண்ணியும் பச்சை மீனும் உயிரைப் பிடித்து வைத்தனவாம்.

"ஆனா லைற் ஒருநாளும் நூரேல்லை, விடியுமட்டும் எரிஞ்சது," என்றான்.

பராசக்தி சிரித்த சிரிப்பு பழைய சீமெந்துத் தொழிற்சாலை வரை கேட்டது. சீனவெடி கொளுத்தினார்கள். அந்தியேட்டிக்கு எடுத்த அரிசியில் பொங்கிய பொங்கலை முத்துக்குமாரு இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

எடுத்த வேலையை அரைகுறையில் விடாத ஏரம்பு கேட்டார்: "கசிவுக்கு ஒரு வழி பாக்கட்டோ?"

"வேண்டாமண்ணை. அது கிடக்கட்டும்."

அருட்செல்வன் இப்போதும் காரில் கழற்றிய அந்தப் பற்றரியோடுதான் கடலுக்குப் போகிறான். பொழுதுபடப் பராசக்தி காரின் எஞ்சின் மூடியைத் திறந்து, ஏரம்பு விட்டுப்போன மீற்றரின் முள் இரண்டில் நிற்பதைப் பார்த்துவிட்டுச் சோறு வடிக்கப் போவாள். விடியக் கார் ஸ்ராட் வராது. அவள் பஸ்ஸில் சந்தைக்குப் போய்வருகிறாள்.