பின்வரிசையின் மூன்று கச்சேரிகள்

பதினோரு வருடம் நான் பாப்பாவுக்குப் பின்னால் நின்று பாடியிருக்கிறேன். ஆறு வயதில் மேடையேறியவள் என்பதால், நாற்பதைத் தொட்ட பிறகும் ஊருக்கெல்லாம் அவள் பாப்பாதான். கோரஸ்காரிக்குத் தொழில் ரகசியம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. முன்னால் நிற்பவள் மூச்சு இழுக்கும் சத்தம் காதில் விழ வேண்டும். விழுந்ததும் அவள் குரலுக்கு ஒரு படி கீழே போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். சொற்களின் கடைசியை விழுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் இன்னொருத்தியும் பாடுகிறாள் என்பது தெரிந்துவிடும்.

என் மகளுக்கு இது பிடிபடவே இல்லை. பாப்பாவின் பாட்டு எங்கே ஒலித்தாலும், "இதுல உன் குரல் எதும்மா?" என்பாள். நானும் காட்டப் பார்ப்பேன். "இதோ, இப்ப பாரு... ச்சே, போயிடுச்சு." பன்னிரண்டு வயதில் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவள் கேட்டபோது வந்த சங்கடத்தைவிட, கேட்காமல் விட்டதுதான் என்னை அதிகம் சுட்டது.

அதனால்தான், ஒரு நாள் ஒப்பனை அறையில் பொய் இமையைப் பிய்த்துக்கொண்டே பாப்பா, "நமக்குன்னு ஒரு சின்ன குழு ஆரம்பிக்கலாம்க்கா. முன்னாடி நின்னு நின்னு அலுத்துப்போச்சு. நான் பின்னாடி உக்காந்து டிரம்ஸ் அடிக்கிறேன், நீங்க பாடுங்க" என்றபோது நான் யோசிக்கிற மாதிரி பாவனை செய்தேன். மனசு அதற்குள் கிளம்பிவிட்டிருந்தது.

கிதாருக்குப் பல் டாக்டர் வந்தார். பாப்பாவின் பிரபலமான சிரிப்பில் பாதி அவர் கைவேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் ஒத்திகை. ஒரு சுவரில் ஈறு நோய்ப் படம், எதிரே மீன் தொட்டி. பாப்பா அடிக்க ஆரம்பித்தால் மீன்களெல்லாம் ஒரே மூலையில் ஒதுங்கிக்கொள்ளும். "மீனுக்கே தாங்கலை, மனுஷங்களுக்குத் தாங்குமாம்மா?" என்பார் டாக்டர். நான்கு மாதத்தில் ஏழு பாட்டுகள் தேறின. குழுவுக்குப் பின்வரிசை என்று பெயர் வைத்தோம்.

முதல் கச்சேரி ஒரு நாற்காலிக் கடையின் மாடியில், இருநூறு பேர் கொள்ளும் அரங்கில். பதினைந்து வயது மகள் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மூன்று வரி நன்றாகவே பாடினேன். நாலாவது வரிக்கு முன்னால் டிரம்ஸில் ஒரு பெரிய உருட்டல் வரும். அதற்காகப் பாப்பா மூச்சை இழுத்தாள். அவள் பக்கத்திலும் ஒரு மைக் இருந்ததால், மேடைச் சத்தத்தைக் காதுக்குள் கொண்டுவரும் என் இயர்போனில் அது கேட்டது. அவ்வளவுதான், பழையபடி என் குரல் ஒரு படி கீழே இறங்கிவிட்டது. மேலே மெட்டு காலியாகக் கிடந்தது. பாப்பாவுக்கும் பழக்கதோஷம், தன்னை அறியாமல் பாடி நிரப்பிவிட்டாள். அரங்கம் எழுந்து நின்று கத்தியது.

பஸ்ஸில் மகள் சொன்னாள்: "மூணு வரி நீதான்மா. எனக்குத் தெரிஞ்சுது. அப்புறம் எங்க போன?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பாப்பா பாடியதை யாரோ வீடியோ எடுத்துப் போட்டிருந்தார்கள்; இரண்டாவது கச்சேரிக்குள் அதை ஊரே பார்த்துவிட்டது. எடுத்த எடுப்பிலேயே "பாப்பா பாடு!" என்று கூச்சல். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். ஆனால் அவள் மூச்சு கேட்கும்போதெல்லாம் நான் இறங்கினேன், நான் இறங்கும்போதெல்லாம் அவள் பாடினாள்.

"ஏன்க்கா என்னை மாட்டி விடுறீங்க?" என்று முடிந்ததும் அழாக்குறையாகக் கேட்டாள்.

"நீ மூச்சு விடாம அடி, நான் பாடிடுறேன்" என்றேன். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் இரண்டு பேருக்குமே சிரிப்பு வந்துவிட்டது.

அந்த வாரமே பாப்பாவின் கச்சேரிகளை நடத்தும் கம்பெனி, அடுத்த சுற்றுப்பயணம் இருக்கிறது, இந்த விளையாட்டெல்லாம் இன்னும் ஒரு தடவையோடு போதும் என்று சொல்லிவிட்டது.

மூன்றாவது கச்சேரியில் மகள் கடைசி வரிசையில், கைப்பேசியும் கையுமாக இருந்தாள். நான் இயர்போனைக் கழற்றி மைக் கம்பத்தில் தொங்கவிட்டேன். டாக்டர் பேயறைந்த மாதிரி பார்த்தார். அது இல்லாவிட்டால் சத்தமெல்லாம் சுவரில் பட்டுத் தாமதமாகத்தான் வரும். இரண்டு இடத்தில் சுருதி விலகியது. நாலாவது வரி வந்தது. பாப்பா மூச்சு இழுத்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் இறங்கவில்லை. அவள் பாடமாட்டாள் என்று தெரிந்ததும் கால்வாசிப் பேர் எழுந்து போனார்கள். வலித்தது. வலியோடேயே ஏழு பாட்டையும், ஒரு சொல்லின் கடைசியைக்கூட விழுங்காமல் பாடி முடித்தேன்.

டிரம்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மகள் மேடைக்கு வந்தாள். கைப்பேசி பைக்குள் போயிருந்தது.

பாப்பா வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்: "கடைசிப் பாட்டு முழுக்க உங்களுக்குக் கீழ நான் பாடினேனே, எப்படிக்கா இருந்துச்சு?"

"நீ பாடினியா? இயர்போன் இல்லையே, எனக்கு ஒண்ணுமே கேக்கல."

இருவரும் மகளைப் பார்த்தோம். அவள் விழித்தாள். "நீங்க பாடினீங்களா ஆன்ட்டி? எனக்கு அம்மா குரல் மட்டும்தான் கேட்டுது."

ஒரு நொடி பாப்பாவின் முகம் வாடியது. பாடியும் யார் காதிலும் விழாத அந்த வாட்டம் எனக்குப் பதினோரு வருடப் பழக்கம், அதனால் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப சரியாத்தான் பாடியிருக்கேன்" என்றாள் பாப்பா.