முட்புதரில் சிவப்புப் புள்ளி

ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர் காலத்தில், பிட்கார்டி கோல்ஃப் மன்றத்தின் விருந்தில், இன்னஸ் கார்வி மதுக்கோப்பையோடு எழுந்து நின்று தன் மனைவியைத் தோற்கடித்த கதையைச் சொல்வான்.

அப்போது அவள் மனைவி ஆகியிருக்கவில்லை. எல்ஸ்பெத்துக்கு இருபது வயது. மாவட்ட மகளிர் கோப்பையின் இறுதிப் போட்டியில் ஆடினாள். அவளுடைய மட்டைப் பையைச் சுமந்தவன் இன்னஸ். கடைசிக் குழிவரை அவளும் எதிராளி ரோனா பெத்யூனும் சமம். அவளுடைய பந்து மணற்குழியில் விழுந்திருந்தது. அதை அவள் வெளியே அடித்த அழகில் பந்து குழியின் வாயருகே போய் நின்றது, கூட்டம் ஆர்ப்பரித்தது. இன்னஸ் மட்டும் நேராக நடுவரிடம் போனான். மட்டையைப் பின்னுக்கு இழுக்கையில் அதன் விளிம்பு மணலைத் தொட்டதைத் தான் பார்த்ததாகச் சொன்னான். அப்படித் தொட்டால் அந்தக் குழி எதிராளிக்கு. கோப்பை ரோனாவிடம் போயிற்று.

கதையின் இந்த இடத்தில் அவன் சற்று நிறுத்தி மதுக்கோப்பையை உயர்த்துவான்.

"அந்த நிமிஷமே முடிவு பண்ணிட்டேன், கட்டினா இவளைத்தான்னு. ஏன்னா இவ அழல."

கூடம் சிரிப்பில் குலுங்கும். எல்ஸ்பெத் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து தலைதாழ்த்த வேண்டும். அது வழக்கமாகிப் போயிருந்தது. மணல் உண்மையிலேயே அசைந்ததா என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது. அந்த நாளுக்குப் பிறகு அவள் மட்டையைத் தொடவில்லை. ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. இன்னஸின் கதையில் அதற்கு இடம் இல்லை.

இன்னஸ் அந்த ஆட்டத்தை நேசித்த அளவுக்கு வேறெதையும் நேசித்தவன் அல்லன். எடின்பரோவிலிருந்து வரும் வங்கிக்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்து, மன்றத்தின் சிறு கடையில் கையுறை விற்றுப் பிழைத்தான். கோடைதோறும், பிரிட்டனின் ஆகப் பெரிய கோல்ஃப் போட்டியான ஓப்பனுக்குத் தகுதி பெற முயன்று, கோடைதோறும் தோற்றான். எல்ஸ்பெத்தின் அப்பாவை அடக்கம் செய்த நாளிலும் ஆடிவிட்டுத்தான் வந்தான், ஆணி பதித்த காலணியோடு. ஈரமான கல்லறைத் தரையில் தன் காலணி கிழித்த தடங்களைக் கண்டதும், பாதிரியார் ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே குனிந்து, புல்லை விரலால் நீவிச் சமன்செய்தான். மாமனாருக்காக அல்ல, புல்லுக்காக.

எல்ஸ்பெத்துக்கு மிஞ்சியது தேடுகிற வேலை. மாலை வேளைகளில் நீண்ட கொக்கி ஒன்றை எடுத்துக்கொண்டு முட்புதர்களுக்குள் நுழைவாள். மற்றவர்கள் தொலைத்த பந்துகளைப் பொறுக்கிவந்து கழுவிக் கடையின் கூடையில் போடுவாள். பழைய பந்து கேட்டு வருகிறவர்களுக்கு அந்தக் கூடைதான். பொண்டாட்டி தொலைஞ்சாலும் எல்ஸ்பெத்கிட்டச் சொல்லு, பொறுக்கிக் கொண்டாந்து குடுப்பா என்று ஊரில் கேலி உண்டு. ஒரு பந்து எங்கே விழும் என்பது அவளுக்கு அது பறக்கும்போதே தெரிந்துவிடும்.

இந்தக் கோடையில் தகுதிப் போட்டி பிட்கார்டியிலேயே நடந்தது. இன்னஸுக்கு ஐம்பது தாண்டியிருந்தது; இடது முழங்கால் தேய்ந்து போயிருந்தது. இனி அறுவைதான், அதோடு ஆட்டமும் முடிந்தது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆகையால் இதுவே கடைசி முயற்சி. அன்று காலை, பழக்கப்படி, எல்ஸ்பெத் அவனுடைய பந்துகளில் நகப்பூச்சால் அடையாளத்துக்குச் சிவப்புப் புள்ளி வைத்தாள். அவள் விரல் நகங்கள் அந்தப் பூச்சைக் கண்டதே இல்லை.

மட்டைப் பையை எல்ஸ்பெத் சுமந்துவர, நாள் முழுவதும் அவன் நன்றாக ஆடினான். மாலையில் கடைசி இடத்துக்கு இருவர் சமமாக நின்றார்கள்: இன்னஸும், ரோனாவின் அண்ணன் லாக்லன் பெத்யூனும். ஒரே ஒரு குழி ஆடவேண்டும், வென்றவனுக்கு ஓப்பன். ஒரே அடியில் எட்டிவிடக்கூடிய குட்டையான மூன்றாவது குழியை நடுவர் காட்டினார்.

"முட்டிக்கு ஒரு சக்கரம் மாட்டிக்கோ இன்னஸ்," என்றான் லாக்லன். "உன்னத் தள்ளிக்கிட்டுப் போகத்தான் ஆள் இருக்கே."

"உன் வாய்க்கு ஒரு மூடி வாங்கு மொதல்ல," என்றான் இன்னஸ்.

லாக்லன் முதலில் அடித்தான். கடற்காற்று பந்தை இழுத்து மணற்குழியில் எறிந்தது. மண்சுவரின் அடியில் பாதி புதைந்து கிடந்தது. அங்கிருந்து எவரும் எளிதில் மீள முடியாது. இன்னஸ் அடித்தான். பந்து வலப்புறம் வளைந்து, குழிக்குச் சற்று முன்னே இருந்த கார்ஸ் முட்புதருக்குள் புகுந்தது. கூட்டம் முனகியது.

முதல் பந்து தொலைந்திருக்கக்கூடும் என்பதால் மாற்றுப் பந்து ஒன்றை அடிப்பதாக அவன் முறைப்படி அறிவித்தான். அடித்தான். அந்தப் பந்து புல்லில் ஒருமுறை எம்பி, உருண்டு, குழிக்குள் விழுந்து மறைந்தது.

ஆரவாரம் அடங்க நேரமாயிற்று. அது அடங்குவதற்குள்ளேயே அங்கிருந்த எல்லோரும் கணக்கை முடித்துவிட்டார்கள். அந்த ஊரில் குழந்தைகளுக்கும் இந்த விதி தெரியும். இன்னஸ் போய்க் குழியிலிருந்து மாற்றுப் பந்தைக் கையால் எடுத்துவிட்டால் அதுவே அவனுடைய ஆட்டம். தண்ட அடியையும் சேர்த்து மூன்று அடி. லாக்லன் கிடக்கும் கிடையில் அது வெற்றி. ஆனால் அவன் எடுப்பதற்கு முன் முதல் பந்தை யாராவது கண்டுபிடித்துவிட்டால், குழிக்குள் விழுந்த அந்த அற்புதம் செல்லாது. முள்ளுக்குள் கிடப்பதைத்தான் அவன் ஆடவேண்டும்.

லாக்லன் புதரை நோக்கி நடந்தான். தேட அவனுக்கு உரிமை உண்டு. இன்னஸ் காலை இழுத்துக்கொண்டு குழியை நோக்கி விரைந்தான். ஓடவும் முடியவில்லை, நடக்கவும் மனம் வரவில்லை. இரண்டும் சேர்ந்த அந்தத் தள்ளாட்டத்தைக் கண்டு கூட்டத்தில் எவனோ சிரித்தான். பாதி வழியில் இன்னஸ் திரும்பிப் பார்த்தான்.

"எல்ஸ்பெத், நீ தேடாத. பையோட அங்கயே நில்லு."

அவள் நின்றாள். புதரின் ஓரத்தில், அவனுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த இடத்திலேயே நின்றாள். லாக்லன் தவறான பக்கத்தைக் குடைந்துகொண்டிருந்தான். முள் கிழித்து அவன் புறங்கையில் இரத்தம் வந்தது. எல்ஸ்பெத் தேடவில்லை. தேடவேண்டிய தேவை அவளுக்கு இல்லை. மஞ்சள் பூக்கள் உதிர்ந்து கிடந்த மணலில், அவள் காலுக்கு ஒரு சாண் தள்ளி, வெள்ளையாகக் கிடந்தது. சிவப்புப் புள்ளி மேலே தெரிந்தது.

காலை எடுத்து அதன்மேல் வைத்தால் மணலுக்குள் இறங்கிவிடும். எதுவும் செய்யாமல் நின்றாலும் போதும். கணவன் குழியருகே போய்விட்டிருந்தான். மடங்காத இடது காலைப் பின்னுக்கு நீட்டி, மட்டையை ஊன்றி, கையைக் குழிக்குள் இறக்கக் குனிந்துகொண்டிருந்தான். அவன் முகத்தில் புன்னகை வந்துவிட்டிருந்தது. எல்ஸ்பெத்துக்குப் பழகிய புன்னகை. விருந்தில் கோப்பையை உயர்த்துவதற்குச் சற்று முன் வருவது.

"பந்து இங்க இருக்கு," என்றாள்.

குரலை உயர்த்தவில்லை, காற்று அவள் பக்கமிருந்து வீசியது. இன்னஸின் கை குழியின் விளிம்பில் நின்றது. பந்தைத் தொடவேண்டாம் என்று நடுவர் அவனை எச்சரித்தார். அவன் குனிந்தபடியே இருந்தான்.

"அது என்னுதா இருக்காது," என்றான்.

"செகப்புப் புள்ளி இருக்கு. காலைல நான் வெச்சது."

லாக்லன் புதரிலிருந்து நிமிர்ந்து அவளை ஏறிட்டான். இரத்தம் வடியும் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே, ரோனாவுக்கு இன்னைக்கே போன் போடணும் என்று சிரித்தான்.

நடுவர் விதியைச் சொன்னார்; சொல்லத் தேவையே இல்லை. இன்னஸ் நொண்டிக்கொண்டு திரும்பி வந்து, மனைவியின் முகத்தைப் பாராமல் மட்டை கேட்டான். அவள் சரியான மட்டையை எடுத்துக் கொடுத்தாள். முதல் வீச்சில் கிளைகள் முறிந்தன, பந்து அசையவில்லை. இரண்டாவதில் முள் அவன் கன்னத்தைக் கீறியது. மூன்றாவதில் முழங்கால் விட்டுவிட, முட்களின்மேல் பக்கவாட்டில் சரிந்தான். எழுந்து, மறுபடி வீசினான். பந்து இன்னும் ஆழமாகப் போயிற்று. யாரும் சிரிக்கவில்லை. பார்க்கவும் முடியாமல், பார்க்காமல் இருக்கவும் முடியாமல் ஊரே நின்றது. கடைசியில் மட்டையைக் கீழே வைத்துவிட்டு, லாக்லனை நோக்கித் தலையை அசைத்தான்.

லாக்லன் கணக்கைப் பாக்கி வைக்க விரும்பவில்லை. தேவையில்லை என்றாலும் மணற்குழிக்குள் இறங்கி ஆடி முடித்தான். இரண்டு முறை வெட்டித்தான் வெளியே வர முடிந்தது. மொத்தம் நான்கு அடி. இன்னஸ் அதை எண்ணிக்கொண்டிருந்தான். ஒன்றும் செய்திராவிட்டால் அவள் அவனை ஓப்பனுக்கு அனுப்பியிருப்பாள்.

வீட்டில் அவள் அவனுடைய காலைத் தூக்கி முக்காலியில் வைத்து, கன்னத்து முள்ளை இடுக்கியால் எடுத்தாள். அடுப்பில் மீன் சூப் கொதித்தது.

"பாக்காத மாதிரி இருந்திருக்கலாம் நீ," என்றான் இன்னஸ்.

"நீயும்," என்றாள் எல்ஸ்பெத்.

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அதன்பின் பல வாரங்கள் அந்த வீட்டில் பேச்சில்லை. அறுவை நடந்தது, கடை பூட்டிக் கிடந்தது. அவன் கட்டிலில் கிடந்து, சன்னல் வழியே கடல்புறப் புல்வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்ஸ்பெத் நன்றாகத் தூங்கினாள். இத்தனை காலம் தன்னிடம் இருந்த காயத்தை அவனிடம் கொடுத்தாயிற்று என்று தோன்றியது. காலையில் ஓட்ஸ் கஞ்சியில் உப்புப் போடுகையில் தன்னையறியாமல் ஏதோ மெட்டை முணுமுணுத்தாள்.

இலையுதிர் கால விருந்துக்கு அவன் வரமாட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வந்தான், கைத்தடியோடு, சவரம் செய்து, பழைய கோட்டு அணிந்து. வழக்கமான நேரத்தில் கோப்பையோடு எழுந்தான். வழக்கமான கதையைச் சொன்னான். மணல், மட்டை, நடுவர், ரோனா, அழாத பெண். சிரிப்பு எழுந்தது. எல்ஸ்பெத் எழப் போனாள். அவன் கையமர்த்தினான். கதை முடியவில்லை.

கோடையில் நடந்ததைச் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை; தன் தள்ளாட்டத்தையும் நடித்துக் காட்டினான்.

"முப்பது வருஷத்துக்கு முன்னாடி இவளுக்கு நான் ஒண்ணு சொல்லிக் குடுத்தேன். இந்தக் கோடையில அதத் திருப்பிக் குடுத்துட்டா. என் ஓப்பன விட இவளுக்கு ஆட்டந்தான் பெருசு. சரியான பொண்ணத்தான் கட்டியிருக்கேன்."

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கிழவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். லாக்லன்தான் எல்லோரையும்விட உரக்கக் கைதட்டினான். எல்ஸ்பெத் கணவனின் முகத்தைப் பார்த்தாள். அது மலர்ந்திருந்தது, பெருமையில் ஈரமாக. அவன் பொய் சொல்லவில்லை, நம்பிச் சொன்னான். அந்த முகத்தில் எங்கேனும் காயம் இருக்கிறதா என்று தேடினாள். தேடுவதில் அவளுக்கு நிகர் அந்த ஊரில் யாரும் இல்லை. ஒன்றும் கிடைக்கவில்லை.

கைதட்டல் ஓயாமல் அவளுக்காகக் காத்திருந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்து, தலைதாழ்த்தினாள்.