முன்னூற்று ஒன்பதாம் அறையின் முப்பத்தேழாம் வாரம்

வருடத்துக்கு ஒரு வாரம், செப்டம்பர் நடுவில், பாலோ பிளாங்கு விடுதியின் முன்னூற்று ஒன்பதாம் அறைக்குக் கடல் வந்து தங்கும். அறை மூன்றாம் மாடியில், அதுவும் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த பின்பக்கத்தில் இருக்கிறது. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, விருந்தினர் சாவி வாங்கும் அதே நேரத்தில், தண்ணீர் பால்கனிக் கம்பிகளுக்கு இடையே நுழைந்து கணுக்கால் உயரத்துக்கு நிற்கும். அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, அறையைக் காலி செய்ய வேண்டிய நேரத்தில், திரும்பிப் போகும். கீழே நிற்கும் கார்கள் நனைவதில்லை. இருநூற்று ஒன்பதில் தங்குபவர்கள் சுவரில் மீன் நிழல் ஓடுவதாகச் சொல்வதுண்டு. அதற்கு மேல் புகார் கிடையாது. விடுதியின் விற்பனைத் தாளில் அந்த அறைக்கு நேராக 'ஓரளவு கடல் தெரியும்' என்று அச்சிட்டிருந்தார்கள். கூடுதல் கட்டணம் எதுவும் வாங்கவில்லை.

கரீபியன் தீவான எங்கள் அரூபாவில் விடுதி அறைகளை வாரக்கணக்கில் விற்பார்கள். ஓர் அறைக்கு ஐம்பத்திரண்டு சொந்தக்காரர்கள், ஆளுக்கொரு வாரம். அந்த வாரத்தை அவர்கள் விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம், சண்டை போட்டுப் பிரித்துக்கொள்ளலாம். முன்னூற்று ஒன்பதின் முப்பத்தேழாம் வாரம் அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த எங்ஸ்ட்ரம் தம்பதியுடையது. பனி நாட்டு மனிதர்கள், அதிர்ந்து பேசாதவர்கள். கடல் எல்லா அறைக்கும் வரும்போலிருக்கிறது என்று நினைத்து முதல் பதினோரு வருடம் அதைப் பற்றி அவர்கள் வாயே திறக்கவில்லை. பன்னிரண்டாம் வருடம் சாப்பாட்டுக் கூடத்தில் தற்செயலாகப் பேச்சு வந்தபோது, தங்களுக்கு மட்டும்தான் என்று தெரிந்து திருமதி எங்ஸ்ட்ரம் மிகவும் சங்கடப்பட்டுப் போனார்.

அந்த மாடியை இருபத்தாறு வருடமாகச் சுத்தம் செய்தவள் டிக்னா கீர்மன். பாரடெரா ஊர்க்காரி. கை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம். முப்பத்தேழாம் வாரத்தில் அவளுக்கு வேலை இரட்டிப்பு. கண்ணாடியில் பூத்த உப்பைத் துடைக்க வேண்டும்; குளியலறைக் குழாயைப் பாசி அடைக்காமல் பார்க்க வேண்டும்; தலையணை உறைக்குள் புகுந்த நண்டுகளை வாளியில் போட்டுக் கடற்கரைக்குக் கொண்டுபோய் விட வேண்டும். சனிக்கிழமை கடலை அனுப்பிவைப்பதும் அவள்தான். படுக்கை விரிப்பை உருவி மடித்து, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து, பால்கனிக் கதவை அகலத் திறந்து, "சரி, போதும். அடுத்த ஆளுங்க கீழ பெட்டியோட நிக்கிறாங்க" என்பாள். கடல் போய்விடும். பித்தப்பை அறுவைக்காக அவள் படுத்திருந்த வருடம் அது போகவில்லை. செவ்வாய்க்கிழமை வயிற்றுத் தையலோடு அவள் வந்து சொன்ன பிறகுதான் போயிற்று. அன்றைய மேலாளர் அவளுக்கு ஒரு கூடை பழம் கொடுத்தார். ஆனால் விஷயத்தை எங்கேயும் எழுதிவைக்காமல் ஓய்வு பெற்று ஹாலந்துக்குப் போய்விட்டார்.

இத்தனை செய்தும் டிக்னா அந்தப் பால்கனியில் ஒரு நிமிடம் உட்கார்ந்ததில்லை. பணியாளர்கள் விருந்தினர் நாற்காலியில் உட்காரக் கூடாது என்பது விதி. யாரும் பார்க்காதபோதும் அதை மீற அவளுக்கு மனம் வரவில்லை. திருட்டுத்தனமாக உட்கார்ந்தால் உட்கார்ந்த மாதிரியே இருக்காது என்பது அவள் எண்ணம். சொந்தக்காரர்கள் கட்டும் நீலப் பட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, முன்வாசல் வழியாக வந்து, காலைத் தண்ணீரில் விட்டு உட்கார வேண்டும். அது பேராசையாக அவளுக்குத் தோன்றவில்லை. நியாயமாகத்தான் தோன்றியது.

தன் கணவர் இறந்து இரண்டு வருடம் கழித்து, ஓர் ஆகஸ்ட் மாதம், திருமதி எங்ஸ்ட்ரம் அவளைத் தொலைபேசியில் அழைத்தார். முழங்கால் இரண்டும் போய்விட்டன, இந்த செப்டம்பர்தான் கடைசி, வாரத்தை விற்கப்போகிறேன் என்றார். டிக்னா ஒரு நொடிகூட யோசிக்காமல், "எனக்குக் குடுங்க மிஸஸ்" என்றாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். பாலோ பிளாங்குவில் யார் யாருக்கு விற்றாலும் ஒப்பந்தத்தை முதலில் விடுதியைக் கட்டிய கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். கம்பெனிக்கு முப்பது நாள் அவகாசம். அதற்குள் அதே விலைக்கு, அதே நிபந்தனைகளுக்கு அது தானே வாங்கிக்கொள்ளலாம். வாங்கிக்கொண்டால் வந்தவர் கையை வீசிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். விலை குறைவாக இருந்தால் கட்டாயம் கொத்திக்கொண்டு போகும். திங்கட்கிழமைகளில் விற்பனை அலுவலகத்தையும் கூட்டுகிற டிக்னாவுக்கு இது நன்றாகவே தெரியும். ஆகவே எங்கள் தீவு அதுவரை கேட்டிராத ஒரு பேரம் நடந்தது.

"ஐந்நூறு டாலர் குடு, போதும்" என்றார் திருமதி எங்ஸ்ட்ரம்.

"ஆறாயிரம் தர்றேன் மிஸஸ்."

"பைத்தியமா உனக்கு? சரி, எழுநூறு. அதுக்கு மேல ஒரு காசு தொட மாட்டேன்."

"எழுநூறுன்னு எழுதினா கம்பெனிக்காரன் காலைப் பலகாரத்துக்கு முன்னாடியே முழுங்கிடுவான். அஞ்சாயிரத்து எண்ணூறு."

"என்னைக் கொள்ளைக்காரி ஆக்காத டிக்னா!"

ஒன்பது நாள் வாங்குகிறவள் ஏற்ற, விற்கிறவர் இறக்க, கடைசியில் நாலாயிரத்தில் இரண்டு பேரும் மனக்குறையோடு சம்மதித்தார்கள். டிக்னாவின் கணவன் ரூஃபோ பஸ் ஓட்டுபவன், கிண்டலுக்குப் பஞ்சமில்லாதவன். மனைவியைச் சீண்டும்போது மட்டும் எங்கள் ஊர் வழக்கப்படி 'துஷி' என்று செல்லமாகக் கூப்பிடுவான். "ஏன் துஷி, உலகத்துல எல்லாரும் குறைக்கத்தானே பேரம் பேசுவாங்க? உன்னை மட்டும் மீன் வாங்க அனுப்பவே கூடாது" என்றான். சொல்லிவிட்டு, அவனே பஸ்ஸில் அவளைப் பத்திர அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

ஒப்பந்தப் படிவத்தில் எட்டாவதாக 'இதர நிபந்தனைகள்' என்று நான்கு வரி காலியாக இருந்தது. எல்லோரும் அதில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார்கள். டிக்னா போடவில்லை. இருபத்தாறு வருடம் அறை துடைத்தவளுக்கு, அடுத்து வருகிறவனை நினைக்காமல் ஓர் அறையை விட்டு வெளியேறத் தெரியாது. நிறுத்தி நிதானமாக எழுதினாள்: 'முப்பத்தேழாம் வாரத்துச் சனிக்கிழமை கடலைத் திருப்பி அனுப்பிவைப்பது வாங்குபவர் பொறுப்பு. இந்த வருடத்திலிருந்தே.' தந்திரம் என்று பிறகு ஊரில் பலர் பேசிக்கொண்டார்கள். தந்திரமெல்லாம் இல்லை. அவள் அப்படிப்பட்டவள், அவ்வளவுதான்.

கம்பெனியின் உரிமைப் பிரிவை நடத்தியவர் லுட்விக் ஃபிகரோவா. கஞ்சி போட்ட சட்டை, ஹாலந்துப் படிப்பு, வேலைக்கு வந்து ஒன்றரை வருடம். நாலாயிரம் நல்ல விலைதான். வேறு அறையாக இருந்தால் விட்டிருப்பார். ஆனால் புது இயக்குநருக்கு அந்தக் கடல் மேல் கண். 'ஓரளவு' என்ற சொல்லை எடுத்துவிட்டு விற்றால் எத்தனை மடங்கு கிடைக்கும் என்று அவர் கணக்குப் போட்டு வைத்திருந்தார். பன்னிரண்டாம் நாள் கடிதம் வந்தது: அதே விலைக்கு, அதே நிபந்தனைகளுக்கு, கம்பெனியே வாங்கிக்கொள்கிறது.

டிக்னா துணி வெளுக்கும் அறைக்குள் போய், ஓடுகிற இயந்திரத்தின் மேல் தலையை வைத்து அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு மீதி ஏழு அறைகளையும் முடித்தாள். முடித்துவிட்டு, கடிதத்தை எடுத்துக்கொண்டு லுட்விக் முன்னால் போய் நின்றாள்.

"எல்லா நிபந்தனையும் ஏத்துக்கிட்டீங்களா சார்?"

"எல்லாம்தாம்மா."

"எட்டாவதுமா?"

"கடல்தானே? அனுப்பிட்டா போச்சு. தண்ணிக்கு என்ன, பள்ளம் பார்த்து ஓடப்போகுது."

டிக்னா நேரே மேற்பார்வையாளரிடம் போனாள். கடல் திரும்ப வேண்டிய சனிக்கிழமையிலிருந்து ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்தாள். இருபத்தாறு வருடத்தில் செப்டம்பரில் அவள் தானாகக் கேட்ட முதல் லீவு அது. மேற்பார்வையாளர் வியந்துபோய்க் கையெழுத்துப் போட்டார்.

திருமதி எங்ஸ்ட்ரம் தன் கடைசி வாரத்துக்கு வந்தார், சக்கர நாற்காலியில் இருந்தபடி காலை நனைத்தார், சனிக்கிழமை ஒன்பதரைக்கு விமான நிலையம் போனார். பத்து மணி ஆயிற்று. கடல் போகவில்லை. மூன்று பணிப்பெண்கள் மாறி மாறிக் கதவைத் திறந்து டிக்னாவின் வார்த்தைகளை அப்படியே சொன்னார்கள். லுட்விக் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தானே போய்ச் சொன்னார். ஒரு விலாங்கு அவரை ஏற இறங்கப் பார்த்தது. பம்பு வைத்து இரண்டு நாள் இறைத்தார்கள். அறையில் தண்ணீர் குறையவுமில்லை, கீழே தார்த்தரை நனையவுமில்லை. இறைத்த தண்ணீர் எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது. முப்பத்தெட்டாம் வாரத்துச் சொந்தக்காரர், கொலம்பியாவின் பரான்கியாவிலிருந்து வந்த பல் மருத்துவர், மனைவி மக்களோடும் நான்கு பெட்டிகளோடும் வரவேற்பறையில் குடியிருந்தார். திங்கட்கிழமை காலை தண்ணீர் நடைகூடத்துக்கு வந்து முன்னூற்று ஏழின் கதவைத் தட்டியது.

அன்று மதியம் லுட்விக் பாரடெராவுக்கு வந்தார். டிக்னா அடுப்பில் சோளமாவைக் கிளறி ஃபுஞ்சி செய்துகொண்டிருந்தாள்.

"டிக்னாம்மா, பத்தே நிமிஷம் வந்துட்டுப் போங்க. ஓவர்டைம் போட்டுடறேன்."

"நான் லீவுல இருக்கேன் சார்."

"நீங்க கம்பெனி ஆளு. நான் உத்தரவே போடலாம். பென்ஷனுக்கு இன்னும் நாலு வருஷந்தான் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

டிக்னா அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, ஆணியில் மாட்டியிருந்த மூன்றாம் மாடிச் சாவிக்கொத்தை எடுத்து அவர் முன்னால் மேசையில் வைத்தாள்.

"தரையைத் துடைன்னா துடைக்கிறேன். கடலை அனுப்புன்னு என் வேலைப் பட்டியல்ல எங்க எழுதியிருக்கு, காட்டுங்க. இத்தனை வருஷம் அதை நான் சும்மா செஞ்சேன், யாரும் ஏன்னு கேக்கல. இனிமே அதைச் செய்யறவ அந்த வாரத்துக்குச் சொந்தக்காரிதான். அது நானா, நீங்களான்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

லுட்விக் எழுந்தார். சாவிக்கொத்தை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் நின்றார். ரூஃபோ உள்ளேயிருந்து குரல் கொடுத்தான்: "சார், உக்காந்து ஃபுஞ்சி சாப்பிட்டுட்டுப் போங்க. அந்தக் கடல் எங்கயும் போயிடாது."

அவர் போன பிறகு டிக்னா அணைத்த அடுப்பை மறுபடி பற்றவைத்தாள். வேலையும் போய் வாரமும் போனால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்ப வாங்கிக்கொள்ள அவள் விரும்பவில்லை. உள்ளுக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. ரூஃபோ அன்று அவளைத் துஷி என்று கூப்பிடவில்லை. ஃபுஞ்சியைத் தட்டில் போட்டு அவள் கையில் கொடுத்தான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, முப்பது நாள் அவகாசத்தில் இருபத்தெட்டாம் நாள், லுட்விக் மீண்டும் வந்தார். எட்டாவது நிபந்தனையை நிறைவேற்ற இயலாததால் கம்பெனி தன் முதல் உரிமையை விட்டுக்கொடுக்கிறது என்று இரண்டு வரியில் எழுதி, முத்திரை குத்திய தாள் அவர் கையில் இருந்தது. கீழே இயக்குநரின் கையெழுத்து கொஞ்சம் நனைந்திருந்தது. மேசையில் வைத்த சாவிக்கொத்து அங்கேயே இருந்தது. அதை அவர் டிக்னாவின் பக்கமாக நகர்த்தினார்.

டிக்னா குளித்து, சர்ச்சுக்குப் போகும் உடையைப் போட்டுக்கொண்டு, முன்வாசல் வழியாக நுழைந்தாள். வரவேற்பு மேசையில் அவள் மணிக்கட்டில் நீலப் பட்டையைக் கட்டினார்கள். நடைகூடத் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்து நடந்து, அறைக்குள் போய்ப் படுக்கை விரிப்பை மடித்தாள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அவள் உட்காரவில்லை. இந்த வருடத்து வாரம் மிஸஸுடையது, அது சனிக்கிழமையே முடிந்துவிட்டது. கீழே ஒரு குடும்பம் மூன்று நாளாகச் சோபாவில் தூங்குகிறது. "சரி, போதும்" என்றாள். கடல் போயிற்று. பல் மருத்துவரின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் விடவில்லை.

அடுத்த செப்டம்பரில், சனிக்கிழமை மூன்றே முக்காலுக்கு, ரூஃபோவின் பஸ் விடுதி வாசலில் நின்றது. அதிலிருந்து டிக்னா, அவள் அக்கா, மகள்கள், மருமகன்கள், பேரப்பிள்ளைகள், ரூஃபோ என்று பதினான்கு பேர் ஆட்டுக்கறிக் குழம்புப் பானைகளோடு இறங்கினார்கள். அறையில் ஆறு பேருக்கு மேல் தங்கக் கூடாது என்பது விதி. டிக்னாவுக்கு இது தெரியாமலில்லை. நான்கு மணிக்குத் தண்ணீர் வந்தது. டிக்னா நாற்காலியைப் பால்கனியில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு காலையும் அதில் விட்டாள். அன்று மாலை முழுவதும் அவள் எழுந்திருக்கவில்லை. யாரும் அவளிடம் எதையும் எடுத்துவரச் சொல்லவும் இல்லை. அக்கா மட்டும் ஒருமுறை, "எப்படிடி இருக்கு?" என்று கேட்டாள். "என் வீட்டு வாசல்ல உக்காந்த மாதிரி இருக்கு" என்றாள் டிக்னா.

ஆறு மணிக்கு லுட்விக் பதிவேட்டோடு ஆள் எண்ண வந்தார். அறைக்குள் எண்ணினார். பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தார்; கார்களுக்கு மேலே, மூன்று மாடி உயரத்தில், மீதி ஆட்கள் சூழ, ரூஃபோ மல்லாந்து மிதந்துகொண்டு அவருக்குக் கையசைத்தான். கட்டட வரைபடத்தில் அந்த இடம் அறையைச் சேர்ந்ததல்ல. அவர் பேனாவைத் திறந்து எழுதினார்: 'முன்னூற்று ஒன்பது. உரிமையாளர், திருமதி டிக்னா கீர்மன். அறையில் ஆறு பேர். கடலில் எட்டுப் பேர். எல்லாம் விதிப்படி.'