வெள்ளிக்கிழமை மட்டும் விழுகிற சுவிட்ச்

ஐந்தாவது வெள்ளிக்கிழமையும் காலை ஆறேகாலுக்கு ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. பத்மாவதி இருட்டில் நின்று தான் வாடகைக்கு இருக்கும் அனெக்ஸை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பிரிஜ்ஜின் பிளக் கழற்றிக் கிடந்தது. ரைஸ் குக்கர் அலமாரிக்குள் இருந்தது. கேத்தலைத் தொட்டே இரண்டு வாரமாகிறது. கிரைண்டரோ வீட்டிலேயே இல்லை. போன ஞாயிறு ஆட்டோ பிடித்துக் கொட்டாஞ்சேனையில் தங்கச்சி வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்திருந்தாள். எரிந்தது ஒரே ஒரு பல்பு. மகள் நிஷாந்தினி படிப்பதற்காகப் போட்டது.

"ஒத்த பல்புக்கா விழுந்துச்சு?" என்றாள் சத்தமாக. மகள் கைபேசி வெளிச்சத்தில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, "கத்தாதீங்கம்மா" என்றாள். பல்கலைக்கழகம் போக எழுதும் ஏ.எல். பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதம்தான்.

கத்தாமல் என்ன செய்வது? வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் சின்ன ஒழுங்கையில் இருந்த அந்த வீட்டுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் சேர்த்து ஒரே ட்ரிப் சுவிட்ச், எங்கே கரண்ட் கசிந்தாலும் வீடு முழுக்க வெட்டிவிடுவது. அது இருப்பது வீட்டுக்காரி ஜெகதீஸ்வரியின் ஹோலில். விழுந்தால் பின்பக்கத்து அனெக்ஸ்காரி முன்வாசலில் போய் நிற்க வேண்டும். அந்த வீட்டுக்கார அம்மா பூசை முடித்து, திருநீறு பூசி, ஆறுதலாக வந்து தூக்கிவிடும்வரை நிற்க வேண்டும்.

முதல் வெள்ளி விழுந்தபோதே ஜெகதீஸ்வரி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: கிரைண்டர்தான். பத்மாவதி காலி வீதியில் இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்குத் தோசை மாவும் உளுந்தும் அரைத்துக் கொடுப்பவள். வெள்ளிக்கிழமை வடைக்குக் கேள்வி அதிகம், அதனால் அன்றைக்கு இரண்டு மடங்கு அரைப்பாள். கணக்குப் பொருந்தியது. பத்மாவதியும் நம்பினாள். அதுதான் அவளுக்கு இப்போது வயிற்றெரிச்சல். கிரைண்டருக்குப் புது வயர் போட்டாள், மோட்டரைக் கழற்றிப் பார்க்கக் கொடுத்தாள். அடுத்த வெள்ளியும் விழுந்தது. பிறகு பிரிஜ் என்றார்கள், பிறகு ரைஸ் குக்கர், பிறகு அயன் பெட்டி. இளிச்சவாயன் தலையில் மிளகாய் அரைப்பது என்பார்களே, அது ஐந்து வாரமாக அவள் தலையில்தான் நடந்தது.

நாலாவது வெள்ளி ஜெகதீஸ்வரி கேற்றடியில் வைத்துச் சொன்னாள்: "மாத முடிவோட வெளிக்கிடுங்கோ பிள்ளை. கல்கிசையிலை எங்கட ஆக்கள் ஒரு குடும்பம் கேட்டுக்கொண்டிருக்கினம். வீடு எரிஞ்சாப் பிறகு அழுது என்ன?"

பத்மாவதி சரியென்று தலையாட்டிவிட்டாள். ஊரான் வீட்டை எரித்த பாவம் தனக்கு வேண்டாம் என்று பயந்தாள். அன்றிரவு மகளிடம் சொன்னபோது அவள் அழவில்லை, பாடக் கொப்பியை மூடிவைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். அதைப் பார்த்தபின்தான், போகிறதென்றாலும் காரணம் தெரிந்து போவோம் என்று பத்மாவதி வயரிங் வேலை செய்யும் கரண்ட் பாஸ் இப்திகாருக்குப் போன் அடித்தாள். அவர் ஏற்கெனவே இரண்டு தடவை வந்தவர். இரண்டு தடவையும் பின்னேரம் வந்தார், ஒரு பிழையும் பிடிபடவில்லை. டாக்டரின் படியேறியதும் காய்ச்சல் விட்டுவிடுகிற மாதிரி.

"இந்த வாட்டி வெள்ளிக்கிழம விடிய ஆறு மணிக்கே வாங்க பாஸ். விழும்போது நீங்க இருக்கணும்."

இருந்தார். அனெக்ஸ் வாசலில் காத்து நின்றவரும் அவளும் சுவிட்ச் விழுந்த கையோடு முன்வாசலுக்குப் போனார்கள். ஜெகதீஸ்வரி ஈரத் தலையோடு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள்.

"பாத்தீரே, திருப்பி விழுந்திட்டுது. இண்டைக்கு என்னத்தைப் போட்டனீர்?"

"ஒண்ணும் போடலம்மா. வந்து நீங்களே பாருங்க."

"ஒண்டும் போடாமல் விழுமோ? சுவருக்குள்ளாலை களவா வயர் இழுத்திருக்கிறீரோ, ஆருக்குத் தெரியும். தோட்டப் பக்கத்து ஆக்கள் இதுகளிலை கெட்டிக்காரர் எண்டு சொல்லுறவை."

பத்மாவதிக்குக் காது இரண்டும் சுட்டன. பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்து பதினெட்டு வருடம். இன்னும் தோட்டப் பக்கத்து ஆள், இப்போது கரண்ட் கள்ளியும்கூட. வாய்க்கு வந்ததை அவள் கொட்டுமுன் இப்திகார் குறுக்கே கேட்டார்.

"அன்ட்டி, சுவிட்ச் விழக்குள்ள நீங்க என்ன செஞ்சிட்டு ஈந்தீங்க?"

"நானோ? சாமி அறை கழுவிக்கொண்டிருந்தனான். வெள்ளிக்கிழமையெல்லே."

"அங்க கரண்ட் ஈக்கா?"

"சாமி லைற் மட்டும்தான் தம்பி. அது அணைக்கிறேல்லை."

இப்திகார் பத்மாவதியைப் பார்த்தார். பேன், வாஷிங் மெஷின், ஏசி, கேற் மணி வரைக்கும் சோதித்தவர், அந்த ஓர் அறையை மட்டும் பார்க்கவில்லை. முதல் தடவையே வாசலில் மறித்துவிட்டார்கள். ஒரு சின்ன லைட்தானே என்று அவரும் விட்டுவிட்டார். சாமி லைட்டைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றவில்லை. பத்மாவதிக்கும்தான் தோன்றவில்லை. வீட்டில் இருக்கிற ஒவ்வொரு பிளக்காகக் கழற்றுகிறவர்கள்கூடச் சாமிக்கு எரிகிறதைக் கழற்றுவதில்லை.

"அதைப் பாக்கணும் அன்ட்டி."

"அங்கை நீர் வரேலாது. குறை நினையாதேயும்."

"அப்ப நான் போறேன்" என்றாள் பத்மாவதி.

"நில்லும்! மச்சம் காய்ச்சிற கையோட..."

"நேத்து நெத்தலி ஆக்கினேன். இன்னைக்குத் தல முழுகிட்டேன். தள்ளுங்கம்மா."

தள்ளினாளோ, வீட்டுக்காரி தானாகவே விலகினாளோ, பத்மாவதி உள்ளே போய்விட்டாள். இப்திகார் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, "இப்ப தொடுங்கக்கா, பயமில்ல" என்று ஹோலிலிருந்து டோர்ச் அடித்தார்.

தரையெல்லாம் மஞ்சள் தண்ணீர். பிள்ளையாருக்கு வார்த்த பாலும் தண்ணீரும் படத்தட்டின் விளிம்பால் வழிந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. தட்டுக்குக் கீழே, சுவரோரம், பல பிளக் செருகும் பெட்டியொன்று அந்தத் தண்ணீருக்குள் கிடந்தது. அதில் படங்களைச் சுற்றிய கலர் பல்பு மாலை, பக்கத்தில் நாள் முழுக்க ஓம் சொல்கிற பெட்டி. ஐந்து வாரத்துக்கு முன் வீட்டுக்காரியின் மருமகள் சென்னையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தவை. பத்மாவதி வயரைப் பிடித்துத் தூக்கினாள். பிளக் பெட்டியின் ஓட்டைகளிலிருந்து மஞ்சள் தண்ணீர் ஒழுகியது, கூடவே ஒரு செவ்வரத்தம் பூ இதழும் வந்தது.

அதை ஹோலுக்குக் கொண்டுவந்து இப்திகாரின் காலடியில் வைத்தாள். அவர் மெயினையும் ட்ரிப் சுவிட்சையும் ஏற்றினார். விழாமல் நின்றது. பிரிஜ் ஓடியது, ஏசி ஓடியது, வாஷிங் மெஷின் தண்ணீர் இழுத்தது. அப்போதும் நின்றது. பிறகு மெயினை இறக்கி, அந்த ஈரப் பெட்டியை ஹோல் பிளக்கில் செருகி, மெயினைத் திரும்ப ஏற்றினார். டக். விழுந்தது.

"பகல் ஆனா காஞ்சிரும். அதுதான் நான் வாற நேரமெல்லாம் ஒண்டுமில்ல" என்றார். "நல்ல காலம் அன்ட்டி, சுவிட்ச் விழுந்திச்சு. விழாம ஈந்தா நீங்க விழுந்திருப்பீங்க."

ஜெகதீஸ்வரி சோபாவில் இருந்தாள். செருகியிருந்த சேலையை இழுத்து விட்டாள். பிறகு, "ஏதோ சோதனை" என்றாள். அதற்கும் பிறகு, பெரிய மனசு பண்ணுகிறவளாக, "சரி பிள்ளை, இனி நீர் கிரைண்டரைக் கொண்டுவரலாம்" என்றாள்.

"எங்க கொண்டுவாரது? மாசக் கடைசில என்னைப் போகச் சொல்லிட்டீங்களே."

"அது... அவைக்குச் சொல்லிப் போட்டனே."

"சொன்ன வாயாலயே மாத்திச் சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போட்டுச் சொல்லுங்க."

பத்மாவதியின் குரல் அந்த ஹோலில் அவ்வளவு உயரத்துக்கு ஒருநாளும் போனதில்லை. சாது மிரண்டால் காடு கொள்ளாது; இது இரண்டு அறையும் ஒரு ஹோலும். ஒழுங்கை முழுக்க வேலைக்குப் போய்வருகிற இப்திகாரும் ஸ்குரூ டிரைவரோடு அங்கேயே நின்றார்; மறுத்தால் கதை வீடு வீடாகப் போகும். ஜெகதீஸ்வரி ஸ்பீக்கரில் போட்டுக் கல்கிசைக்குப் போன் எடுத்தாள்.

"ஓம் தங்கச்சி, நான்தான். அந்த அனெக்ஸ் இப்ப குடுக்கேலாமல் கிடக்கு. இருக்கிற பிள்ளை பாவம், போக்கிடமில்லை எண்டு அழுகுது. பொம்பிளைப் பிள்ளையையும் வைச்சுக்கொண்டு... இரக்கப்பட்டு இருக்க விட்டிருக்கிறன்."

ஐந்து வெள்ளிக்கிழமை பழியைச் சுமந்தவள், இந்த இரக்கத்தைச் சுமக்க மாட்டேன் என்றாள் மனதுக்குள். கை தானாக நீண்டது. ஜெகதீஸ்வரியின் ஈரக் கையிலிருந்து போன் வழுக்கிக்கொண்டு வந்தது.

"அக்கா, நான் பத்மாவதி பேசுறேன், அனெக்ஸ்ல இருக்கிறவ. நான் அழவுமில்ல, எனக்கு யாரும் இரக்கப்படவுமில்ல. வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம கரண்ட் விழுந்தது இவங்க சாமி ரூம்ல தண்ணி போனதால. பழிய எம்மேல போட்டுத்தான் உங்களுக்கு இந்த வீட்டைத் தாறேன்னு சொன்னாங்க. கரண்ட் பாஸ் பக்கத்துலயே நிக்கிறாரு, வேணும்னா கேட்டுக்குங்க."

 "உண்மையாவோ ஜெகதீஸ் அக்கா?" என்றது ஸ்பீக்கரில் கல்கிசைக் குரல்.

பத்மாவதி போனை ஜெகதீஸ்வரியின் வாய்க்கு நேரே நீட்டிப் பிடித்தாள். வீட்டுக்காரி அவளைப் பார்த்தாள், இப்திகாரைப் பார்த்தாள், தரையில் ஒழுகிக் கிடந்த பெட்டியைப் பார்த்தாள்.

"ஓம்" என்றாள் கடைசியில். "பிழை எங்கட பக்கம்தான்."