சூப்பர்வைசரம்மாவின் கை

அந்தச் சலவை ஆலையின் மடிப்புக் கூடத்தில் சூப்பர்வைசரம்மா என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று பதில் வராது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு மேஜைகளுக்கு நடுவே நடப்பாள். அவ்வளவுதான். ஆனால் அவள் நடந்தால் விரிப்புகள் மடியும். அவள் ஒரு நாள் லீவு போட்டால் ஹோட்டல்காரர்களும் ஆஸ்பத்திரிக்காரர்களும் போன் போட்டுக் கத்துவார்கள். அதற்குப் பெயர் திறமை என்று அவள் நம்பினாள். மற்றவர்கள் பயம் என்றார்கள். இரண்டும் ஒன்றுதான் என்பது அவள் கட்சி.

கூடத்தில் அவள் பேச்சு எடுபடாத ஒரே ஆள் அவளுடைய கொழுந்தன். வேலை வெட்டி இல்லாமல் வீட்டில் சோபாவைத் தேய்த்துக்கொண்டிருந்தவனை மேனேஜரிடம் கெஞ்சி இங்கே சேர்த்துவிட்டதே அவள்தான். சேர்ந்த வாரமே அவனுக்கு ரேடியோ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. அதுவும் வாயால் மட்டும் பேசமாட்டான். பஸ்ஸில் நடந்த சண்டையைச் சொன்னால் அடித்தவனுக்கும் வாங்கியவனுக்கும் சேர்த்து அவனே கை ஓங்குவான். கையிலிருக்கும் துண்டு சாட்டையாகும், கொடியாகும், பக்கத்து வீட்டுக்காரியின் கூந்தலாகும். மடிந்து மட்டும் தொலையாது. வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்கு தேய்ந்ததுதான் மிச்சம்.

இந்த நிலையில்தான் பட்டை வந்தது. தலைமை அலுவலகம் ஆளுக்கு ஒன்றாக அனுப்பியிருந்தது. மணிக்கட்டில் கட்டும் கறுப்புப் பட்டை, நடுவில் குட்டி விளக்கு. கை அசைந்தால் பச்சை, சும்மா இருந்தால் சிவப்பு. நாள் முழுக்க அளந்ததை அதுவே மேலே அனுப்பிவிடும். காலம் மாறிவிட்டது, தொழில்நுட்பம் எங்கேயோ போய்விட்டது, யார் உழைக்கிறார்கள் என்பதை இனியும் கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்று மேனேஜர் ஒரு பிரசங்கம் செய்தார். கண்ணால் என்று சொல்லும்போது அவர் தன்னைப் பார்த்தது சூப்பர்வைசரம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

மாதக் கடைசியில் முடிவை எல்லோர் முன்னிலையிலும் வாசித்தார்கள். முதலிடம் ரேடியோ. கடைசி இடம் சூப்பர்வைசரம்மா. சாதாரணக் கடைசி இல்லை. பின்னால் கோத்த கை அசையவே அசையாததால் அவள் வேலைக்கே வரவில்லை என்று பட்டை முடிவு கட்டியிருந்தது. கூடமே விரிப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தது.

மேனேஜர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அடுத்த மாதம் முடிவதற்குள் ஒரே ஒரு நாளாவது முழுசாகப் பச்சை காட்டவேண்டும், இல்லாவிட்டால் மேலிடத்தில் வேலைப் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடுவார்கள், தன் கையில் எதுவும் இல்லை என்றார். அவர் கையில் எதுவும் இருந்து அவளும் பார்த்ததில்லை. தன் வேலையே பார்ப்பதுதான் என்று அவள் விளக்கிப் பார்த்தாள்.

"பட்டைக்குக் கண்ணு கிடையாதும்மா" என்றார் மேனேஜர்.

கல்யாணத்துக்கு முன்பே அவள் காலெடுத்து வைத்த கூடம் அது. பெண்ணாக, மனைவியாக, மருமகளாக அவளை யார் யாரோ அதட்டியிருக்கிறார்கள். அவள் அதட்டி நாலு பேர் கேட்ட இடம் இது ஒன்றுதான். இதை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் தான் யாரென்று தனக்கே மறந்துவிடும் என்று பயந்தாள். அந்தப் பயத்தில், முதலிடம் வாங்கியவன் மேல் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கொழுந்தனை அங்கேயே போட்டுக்கொடுத்துவிட்டாள். அவன் ஒரு துண்டைக்கூட ஒழுங்காக மடிப்பதில்லை, நாளெல்லாம் கையை ஆட்டிக் கதையளக்கிறான், கூடம் மொத்தமும் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறது, வேண்டுமானால் வந்து பாருங்கள்.

மேனேஜரின் முகம் மலர்ந்தது. அத்தனை பேரையும் கட்டிப்போடும் அளவுக்கா பேசுகிறான் என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். அப்படி ஒரு ஆளைத்தான் தலைமை அலுவலகம் வலைபோட்டுத் தேடிக்கொண்டிருந்ததாம். அந்த வாரமே ரேடியோ திறன் பயிற்சியாளர் ஆகிவிட்டான். சிவப்பு விளக்குக்காரர்களுக்குக் கையசைக்கக் கற்றுக்கொடுப்பது வேலை. கழுத்தில் டை.

வீட்டில் அவள் புருஷனுக்குத் தலைகால் புரியவில்லை. தம்பி டை கட்டிக்கொண்டு போவதை வாசலில் நின்று தெரு முனை வரைக்கும் பார்த்தான். இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது தன்னை அப்படிப் பார்த்திருப்பானா என்று அவள் மனதுக்குள் பொருமினாள். ரேடியோ மட்டும் பெருமையடித்துக்கொள்ளவில்லை. ஊர்ச் சேதி அத்தனையும் பேசும் வாய், தனக்குப் புது வேலை கிடைத்த சேதியைப் பற்றி மூச்சுவிடவில்லை. அதுதான் அவளை உறுத்தியது.

அந்த மாதம் அவள் படாத பாடு பட்டாள். கையை வீசி நடந்தாள். போருக்குப் போகிறவள் போலிருக்கிறது என்றார்கள். மேஜையில் நின்று தானே மடித்துப் பார்த்தாள். எதிர் மேஜையில் எவளாவது ஓரம் கோணலாக மடித்தால் போதும், முறைக்கிற அவசரத்தில் கை தானாகப் பின்னால் போய்க் கோத்துக்கொள்ளும். பட்டை சிவந்துவிடும். ஒரு முழு நாள் பச்சை என்பது கனவாகவே போனது. கடைசி வேலை நாளும் வந்தது. அன்று காலை, வேலை ஆரம்பித்த கையோடு ரேடியோவின் வகுப்பு.

சிவப்பு விளக்குக்காரர்கள் கூடத்தின் நடுவில் வரிசையாக நின்றார்கள். மேனேஜர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் கையை ஆட்டினார்கள், அவள் ஆட்டவில்லை. இவனிடம் கற்றுக்கொண்டு பிழைக்கவேண்டுமா என்று கையை இன்னும் இறுக்கிக் கோத்துக்கொண்டாள். ரேடியோ அவள் முன்னால் வந்து நின்றான். அவளை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துப் பேசினான்.

"அண்ணி கை ஏன் இப்படி விறைச்சுப்போச்சுன்னு எனக்குத் தெரியும். அவங்க சமைச்சதை அவங்களே சாப்பிடுறாங்க."

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. அவள் கை அவிழ்ந்தது. அவன் விடவில்லை. அண்ணி குரல் கேட்டால் அண்ணன் செருப்போடு செருப்பாக வாசலில் ஒண்டிக்கொள்கிறான் என்றான். அண்ணி குறட்டைக்குப் பக்கத்து வீட்டு நாய் பதில் சொல்கிறது என்றான்.

அவ்வளவுதான். அவள் விரல் மேலே எழுந்தது, பின்னாலேயே கை முழுவதும் எழுந்தது. உச்சி வெயில் வரைக்கும் போர்த்திக்கொண்டு தூங்கியவனை எழுப்பியது யார் என்று கேட்டாள். ஈரத் துண்டைக் கட்டிலில் போடுகிறவன், சட்டைக்குப் பொத்தான் தைக்கத் தெரியாதவன், இன்றைக்கு டை கட்டிவிட்டானாம். ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் காற்றில் வரைந்து காட்டித் திட்டினாள். இத்தனை வருஷமாக முதுகுக்குப் பின்னால் கோத்து வைத்திருந்தது எல்லாம் முன்னால் வந்தது. மடித்துக்கொண்டிருந்தவர்கள் மடிப்பதை விட்டுவிட்டார்கள்.

அவள் மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம் அவன் புதிதாக ஒன்றை எடுத்துவிட்டான். அப்படி ஒருமுறை நிறுத்தியபோதுதான் கவனித்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவன் கண் அவள் மணிக்கட்டிலேயே இருந்தது. அங்கே விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

இவனையா போட்டுக்கொடுத்தோம் என்று அவளை வெட்கம் பிடுங்கித் தின்றது. தூக்கிய கை தானாக இறங்கியது. விளக்கு சிவப்புக்கு மாறப் பார்த்து மினுங்க ஆரம்பித்தது.

ரேடியோ பதறிப்போய்க் கிட்டே வந்தான். முதல்முறையாகக் குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"நிறுத்தாதீங்க அண்ணி. சாயங்காலம் வரைக்கும் ஓடணும். நீங்க மேனேஜர்கிட்ட என்னைப் போட்டுக்கொடுத்தீங்கல்ல, அதை நான் இன்னும் எடுத்துவிடவே இல்ல."

அவள் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அதே கையை ஓங்கி, "நன்றி கெட்ட நாயே" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.